கெப்பில் ஏடி டயர் போட்ட பிறகு வரும் கோளாறுகள்: முதலில் எதைப் பார்ப்பது, எப்போது கடைக்கு வருவது

பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற கெப்களுக்கு டயர் கழற்றிப் பூட்டுவதுதான் களுவாஞ்சிகுடியில் என் பிழைப்பு. ஏடி என்றால் ரோட்டுக்கும் காட்டுவழிக்கும் பொதுவான (ஆல் டெரெய்ன்) டயர். பெரும்போக வெட்டு தொடங்கிவிட்டால் ஒரே முறைப்பாடு கிழமைக்கு நாலைந்து தரம் வரும்: "தம்பி, புது டயர் போட்டு நாலு மாசம் ஆகல்ல, டயர் சரியில்ல." கழற்றிப் பார்த்தால் டயரில் பிழை இருப்பது அரிது. ஒன்றில் சுமை எண்ணைப் பார்க்காமல் பூவை, அதாவது தரையில் படும் வெட்டுகளை, மட்டும் பார்த்து வாங்கியிருப்பார்கள், இல்லையென்றால் எண் சரியாக இருந்தும் அதற்குரிய காற்று இருக்காது. வாய்ப்பாடு மாதிரி திரும்பத் திரும்பச் சொல்வதை எழுதிவிடுவோம் என்றுதான் இது. உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள், ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் மூன்று எண்கள்

ஒன்று, சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாள். வாகனத்துக்குரிய டயர் சைஸும் முன், பின் காற்றளவும் அதில் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வாகனம் என்றால் கேபிஏ (kPa) கணக்கில் போட்டிருப்பார்கள், ஏழால் பிரித்தால் ஏறக்குறைய நாங்கள் காற்றடிக்கும் அளவான பிஎஸ்ஐ (psi) வந்துவிடும். 240 என்றால் 35, 220 என்றால் 32.

இரண்டு, டயரின் பக்கத்தில் உள்ள எழுத்து. 265/65R17 112S என்றால் 265 மில்லிமீற்றர் அகலம், அதில் 65 வீதம் பக்கச் சுவரின் உயரம், 17 அங்குல ரிம். எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பின்னால் நிற்கிற 112தான் சுமை எண். அது கிலோ கணக்கில்லை, ஒரு குறியீடு: 104 என்றால் ஒரு டயருக்கு 900 கிலோ, 106க்கு 950, 108க்கு 1,000, 110க்கு 1,060, 112க்கு 1,120, 116க்கு 1,250, 120க்கு 1,400, 121க்கு 1,450. கடைசி எழுத்து வேகம். Q 160, R 170, S 180, T 190 கிலோமீற்றர். நம்முடைய ரோட்டுக்கு வேக எழுத்தைப் பற்றி யாரும் நித்திரை முழிக்கத் தேவையில்லை, பழையதற்குக் கீழே போகாமல் பார்த்தால் போதும்.

110/108 என்று இரட்டையாக இருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது லொறியின் பின்பக்கம் மாதிரி சோடியாகப் பூட்டும்போது. கெப்காரருக்கு முதல் எண்தான் கணக்கு.

மூன்று, காலையில் வண்டியை எடுக்க முன் அளந்த காற்று. மட்டக்களப்புக்குப் போய் வந்து மத்தியானம் 3 மணிக்கு அளந்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுநாள் விடிய அந்த டயர் குறைகாற்றோடு நிற்கும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி டாஷ்போர்ட் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.

## பாரம் ஏற்றினால் பின் டயர் வயிறு தள்ளுகிறது, கை வைக்க முடியாமல் சுடுகிறது

எங்களிடம் வருகிற வண்டிகளில் பாதி இதுதான்.

காற்று தாளில் உள்ளதைவிடக் குறைவா? அடித்துவிட்டு அதே பாரத்தோடு ஒரு பத்து கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். வயிறு இறங்கி, சூடும் குறைந்தால் விஷயம் முடிந்தது. பல வாகனங்களின் தாளில் பாரத்தோடு பின் டயருக்கு வேறு அளவு இருக்கும், அதைத் தேடிப் பார்க்கவும். முன்னுக்கும் பின்னுக்கும் 30 அடித்துவிட்டு நெல் ஏற்றுவது இங்கே ஒரு பழக்கமாகவே போய்விட்டது.

காற்று சரி, ஆனால் டயர் 205R16C மாதிரி "C" போட்ட, பாரம் ஏற்றும் வண்டிக்கான டயரா? அந்த 110/108 டயர் 1,060 கிலோவைத் தாங்குவது 65 பிஎஸ்ஐ காற்றில். 30இல் ஓடினால் 650 கிலோ அளவுதான் தாங்கும். பக்கத்தில் 1,060 என்று இருக்கிறதே என்று சண்டை பிடிக்க வேண்டாம், டயர் தன் பங்கைச் செய்யத் தயார், காற்றுத்தான் இல்லை.

"எல்டி" (LT, லைட் டிரக்) என்று தொடங்கும் டயரா? இதில்தான் காசு செலவழித்தவர்களே ஏமாறுகிறார்கள். 265/65R17 என்ற ஒரே சைஸில் சாதாரண 112ம் வரும், எல்டி 120/117ம் வரும். 120 பெரிய எண், ஆகவே அதை வாங்கிவிட்டுப் பழைய தாளில் இருந்த 33ஐயே அடிக்கிறார்கள். சாதாரண 112 தன் முழு 1,120 கிலோவை 35, 36 பிஎஸ்ஐயிலேயே தாங்கிவிடும். எல்டி 120 தன் 1,400 கிலோவைத் தாங்க 80 வேண்டும். 35இல் வைத்தால் அது சாதாரண டயரைவிடக் குறைவாகத்தான் சுமக்கும். அதே 1,120ஐ எட்டவே 50க்கு மேல் போக வேண்டியிருக்கும். எல்டி வாங்கினால் அந்தத் தயாரிப்பாளரின் காற்று, சுமை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள், தராத கடையில் எல்டி வாங்காதீர்கள். இன்னொன்று, சாதாரண றப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். அதற்கு மேல் அடிப்பதானால் உலோக வால்வு மாற்ற வேண்டும், ரிம்மும் அந்தக் காற்றைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

சுமை எண்ணே குறைந்துவிட்டதா? திக்கோடையிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். வண்டி வேலைக்கு வாங்கிய கெப், கொம்பனியில் பூட்டி வந்தது 205R16C 110. அகலமாக இருந்தால் பலம் என்று நினைத்து 235/70R16 106 ஏடி போட்டிருக்கிறார், வெள்ளை எழுத்தெல்லாம் வைத்து வடிவான டயர். உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ரிம்மிலும் பொருந்தும், ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு டயருக்கு 110 கிலோ, பின்னால் இரண்டுக்கும் சேர்த்து 220 கிலோ குறைந்துவிட்டது. 65 கிலோ மூட்டையில் மூன்றுக்கு மேல். ஆனால் அவர் ஏற்றுவது பழைய கணக்கிலேயே. "அகலம் கூடின டயர் எப்படித் தம்பி குறைவாத் தாங்கும்?" என்று நம்பவே மாட்டேன் என்றவரை இரண்டு டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணை வாசிக்க வைத்தேன். மாற்றுவதைத் தவிர இதற்கு மருந்து இல்லை. காற்றைக் கூட்டி ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 106 எத்தனை காற்று அடித்தாலும் 106தான்.

எண், காற்று இரண்டும் சரி, இன்னும் வயிறு தள்ளுகிறதா? அப்போது ஏற்றும் பாரத்தைக் கணக்குக் கூட்டிப் பாருங்கள். வெறும் கெப்பின் பின் அச்சில் ஏற்கெனவே 800 கிலோ அளவு நிற்கும். 20 மூட்டை நெல் ஏற்றினால் 1,300 கிலோ, பெட்டியில் ஏற்றும் பாரம் ஏறக்குறைய முழுவதும் பின் அச்சுக்குத்தான் போகும். 2,100. ஒரு டயருக்கு 1,050. 110 டயர் முழுக் காற்றில் இருந்தால் மயிரிழையில் தப்பும், அதுவும் மூட்டைகள் இரு பக்கமும் சமமாக இருந்தால், கிறவல் ரோட்டில் குழியே இல்லாமல் இருந்தால். கோடை காலத்தில் படுவான்கரைக்குத் தண்ணீர் கொண்டுபோகிற 1,000 லீற்றர் டாங்கியும் இதே கதைதான்: தண்ணீர் மட்டும் ஒரு தொன், டாங்கி, ஆட்கள் தனி, வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்க டயருக்கு இன்னும் கூடும்.

டயரைப் பலமாக்கினால் கூடுதலாக ஏற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அச்சு, லீஃப், பிறேக் எல்லாம் பழையதுதான். வாகனத் தகட்டில் பின் அச்சுக்கு எழுதியிருக்கும் கிலோதான் எல்லை, 121 டயர் போட்டாலும் அது ஒரு கிலோகூட ஏறாது.

எப்போது நிறுத்துவது: ஒரு பக்க டயர் மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால் பிறேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், பெயாரிங் போயிருக்கலாம். ரிம் நடுவிலும் சூடு இருந்தால் அது டயர்க் கடை வேலையில்லை, கராஜுக்குப் போங்கள். றப்பர் எரியும் வாடை வந்தால் அந்த இடத்திலேயே பாரத்தை இறக்கிவிட்டு ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

## பக்கச் சுவரில் கொப்புளம்

சின்னப் பதில். உள்ளே நூல் அறுந்துவிட்டது. கற்பாலத்து விளிம்பில் அடித்திருக்கலாம், குறைகாற்றில் குழியில் விழுந்திருக்கலாம், காரணம் எதுவானாலும் டயர் முடிந்தது. வல்கனைஸ் பண்ணித் தருகிறேன் என்கிற இடங்கள் இருக்கின்றன. பாரம் ஏற்றும் கெப்பின் ரேடியல் டயருக்குப் பக்கச் சுவரில் ஒட்டு வேலை நான் செய்வதில்லை. ஸ்பெயாரைப் பூட்டி மெதுவாக வீட்டுக்குப் போங்கள்.

## காபெட் ரோட்டில் 70, 80க்குப் போனால் ஸ்டியரிங் நடுங்குகிறது

எப்போது தொடங்கியது என்று யோசித்தால் பாதி வேலை முடிந்தது.

வயலுக்குப் போய் வந்த பிறகு: ரிம்மின் உட்பக்கத்தில் களி காய்ந்து ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். ஒரு வாளி தண்ணீரும் தடியும் போதும், காசு இல்லை. பெலன்ஸ் பண்ணச் சொல்லி வருகிற வண்டிகளைக் கழுவி மட்டும் அனுப்பியிருக்கிறோம்.

டயர் மாற்றிய அன்றே: பெலன்ஸ் சரியில்லை, அல்லது டயர் ரிம்மில் சுற்றிவர ஒழுங்காக உட்காரவில்லை. ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய வரி ஓடும், அது எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தால் பூட்டிய கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். ஏடி டயர் பாரமானது, பூ கட்டை கட்டையாக இருக்கும், அதனால் சாதாரண டயரைவிட அதிக ஈயம் கேட்பது வழமை.

குழியில் அடித்த பிறகு: ரிம் வளைந்திருக்கும். ஜக் வைத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றி, பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடித்துப் பாருங்கள். ரிம் குச்சிக்கு நெருங்கி நெருங்கி விலகினால் வளைவு. இரும்பு ரிம்மைத் தட்டி நிமிர்த்தலாம். அலோய் ரிம்மில் வெடிப்பு இருந்தால் வேண்டாம்.

சொல்லாமல் கொள்ளாமல் தொடங்கி நாளுக்கு நாள் கூடுகிறது, 30இலும் வண்டி ஆடுகிறது: பூவுக்குக் கீழே உள்ள பட்டி கழன்று வருகிறது. டயரின் முகத்தில் கையை வைத்து மெதுவாகச் சுற்றினால் ஒரு இடத்தில் மேடு தட்டும். இதோடு கல்முனை வரைக்கும்கூடப் போகாதீர்கள். ஓட்டத்தில் பட்டி கழன்றால் மட்காட்டையும் பிய்த்துக்கொண்டுதான் போகும்.

பிறேக் அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் டயரை விட்டுவிடுங்கள், அது டிஸ்க். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகட என்றால் பெயாரிங்கோ போல் ஜொயின்டோ. இரண்டும் கராஜ்.

## ஒரு மாதிரியாகத் தேய்கிறது

நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். எல்டி டயரில் 60 அடித்துப் பாரம் ஏற்றிய பிறகு, வெறும் வண்டியாகவும் அப்படியே ஓடுகிறவர்களுக்கு இது வரும். பாரம் இல்லாத காலத்தில் இறக்குங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு அல்லது பாரம் அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மன்ட், அதைச் செய்யமுன் போல் ஜொயின்ட், புஷ் ஆட்டம் இல்லை என்று உறுதிப்படுத்துங்கள், இல்லாவிட்டால் அலைன்மன்டுக்குக் கொடுத்த காசு ஒரு மாதத்தில் வீண்.

பூவின் கட்டைகள் வாள் பல் மாதிரி ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து தேய்வது ஏடி டயரின் பிறவிக் குணம், கூடவே ஹோ என்று இரைச்சலும் வரும். 8,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் முன் பின் மாற்றிப் பூட்டினால் குறையும். சொக் போயிருந்தால் மாற்றிப் பூட்டியும் பயனில்லை.

## ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் மட்காட்டில் உரசுகிறது

265/65R17 இருந்த இடத்தில் 265/70R17 போட்டிருப்பீர்கள். உயரம் 776 மில்லிமீற்றரில் இருந்து 803க்குப் போகிறது, 27 கூட. சேறு அப்பினால் இன்னும் கூடும். பிளாஸ்டிக்கில் லேசாகத் தொட்டால் அதை வெட்டிச் சரிக்கட்டலாம். இரும்பில், பிறேக் ஹோஸில் தொட்டால் பழைய சைஸுக்குத் திரும்புங்கள். வேகமானி 60 காட்டும்போது நீங்கள் 62இல் போகிறீர்கள், அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் வேறு. காசுக்குப் பார்த்துப் பின்னுக்கு மட்டும் இரண்டு பெரிய டயர் போட்டுவிட்டு போர்வீலைப் போடுகிறவர்கள். முன்னும் பின்னும் வேறு வேறு உயரமாக இருந்தால் கியர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ட்ரான்ஸ்பர் முறுகும். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் பிராடோ மாதிரி வண்டிகளில் இது இன்னும் மோசம், நாலும் ஒரே டயர், ஒரே அளவு தேய்மானம். ட்ரான்ஸ்பரின் விலைக்கு ஐந்து டயரும் வாங்கிவிட்டு மிச்சக் காசில் கதிர்காமம் போய் வரலாம்.

## இரவில் நிறுத்தினால் விடிய காற்று இல்லை

சவர்க்காரத் தண்ணீர் ஒரு போத்தல். முதலில் வால்வின் வாயில் விடுங்கள், பிறகு வால்வின் அடியில், அதை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. வால்வுக்குள் இருக்கும் ஊசி மாற்றுவது அற்பக் காசு. அடுத்தது பூவில் சுற்றிவர, காரை முள்ளோ ஆணியோ. முள் முறிந்து உள்ளே நின்றால் வெளியே தெரியாது, ஏடி பூவின் இடுக்கில் தேடுவது சள்ளை பிடித்த வேலை, பொறுமையாகப் பாருங்கள். பூவின் நடுப்பகுதியில் சின்ன ஓட்டை என்றால் உள்ளிருந்து ஒட்டலாம். தோளிலும் பக்கத்திலும் ஒட்டுவதில்லை.

மூன்றாவது ரிம்மும் டயரும் சேரும் இடம். வாழைச்சேனைப் பக்கம் மீன், ஐஸ் ஏற்றுகிற வண்டிகளில் இது நிச்சயம், உப்புத் தண்ணீர் வடிந்து வடிந்து ரிம் விளிம்பு சொறி பிடித்திருக்கும். டயரைக் கழற்றி, கம்பித் தூரிகையால் சுரண்டிப் பூச வேண்டும், இது கடை வேலை. பாணமைக்கு அப்பால் ஒகந்தைக்குப் போகும் மணலில் காற்றை இறக்கி ஓடிவிட்டு வந்த பிறகு இந்தக் கசிவு தொடங்கினால், ரிம்முக்கும் டயருக்கும் நடுவே மணல் புகுந்திருக்கும். அதற்கும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

மணலில் இறக்குவதைப் பற்றி ஒரு சொல்: 20 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கலாம், வெறும் வண்டியில், மெதுவாக. கதிர்காமத்துக்கு நடந்து போகும் யாத்திரைக்காரருக்கு அரிசியும் தண்ணீர்ப் பீப்பாவும் ஏற்றிக்கொண்டு 20இல் ஓடினால் மேலே சொன்ன வயிறு தள்ளும் கதைதான். காபெட் ரோட்டில் ஏறமுன் திரும்ப அடிக்க ஒரு சின்னக் கொம்ப்ரசர் கையில் இல்லாவிட்டால் இறக்கவே வேண்டாம்.

## ஏடி போட்டும் வயலில் வழுக்குகிறது

ஏடி என்றால் பாதி ரோடு, பாதி காடு. கார்த்திகை, மார்கழி மழையில் களி வட்டைக்குள் இறங்கினால் பூவின் இடுக்கெல்லாம் நிரம்பி அரை நிமிடத்தில் வழுக்கு டயர் மாதிரி ஆகிவிடும், அது டயரின் பிழையில்லை. சேற்றுக்கென்றே செய்த எம்டி டயர் போடலாம், காபெட் ரோட்டில் இரைச்சலும் தேய்மானமும் மழையில் பிறேக் பிடிக்கும் தூரமும் கூடும். என்னைக் கேட்டால் ஏடியோடு வண்டியைக் கிறவலில் நிறுத்திவிட்டு மிச்சத்துக்கு உழவு இயந்திரத்தைக் கூப்பிடுங்கள். டயரில் மலையும் பனிச்செதிலும் போட்ட அடையாளம் இருந்தால் கூடக் காசு கேட்பார்கள், அது வெண்பனி கொட்டும் ரோட்டுக்குரியது, நுவரெலியாவிலும் வேண்டியதில்லை.

## "இதும் அதே சைஸ்தான்" என்று கடைக்காரர் சொல்கிறார்

சைஸ் ஒன்றாக இருக்கலாம், சுமை எண்ணை நீங்களே வாசியுங்கள். தாளில் உள்ளதற்குச் சமம் அல்லது கூட, குறையவே கூடாது. "10 பிளை" என்றால் உள்ளே பத்து அடுக்கு என்று அர்த்தமில்லை, பலத்துக்கான பழைய பெயர். எல்டியில் C என்றால் 6, D என்றால் 8, E என்றால் 10. பாரம் ஏற்றாமல் கல்லடியிலிருந்து கந்தோருக்கு ஓடுகிறவருக்கு E வேண்டாம், எலும்பு நோகும், எரிபொருளும் கூடக் குடிக்கும். சாதாரண 112 ஏடி தாராளம்.

பிறகு வயது. பக்கத்தில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. ஒரு பக்கத்தில் முழுதாக இல்லாவிட்டால் உட்பக்கம் பாருங்கள். கடையில் மூன்று வருடம் படுத்த டயருக்குப் புது விலை கொடுக்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் பூ ஆழமாக இருக்கிறதென்று மயங்குவது வழமை, இடுக்கின் அடியில் நெளிந்து வெடிப்பு ஓடுகிறதா என்று விரித்துப் பாருங்கள். பத்து வருடம் தாண்டிய டயர் பூ இருந்தாலும் குப்பைதான்.

பூட்டிய பிறகு ஐம்பது, நூறு கிலோமீற்றரில் நட்டுகளைத் திரும்ப ஒருதரம் இறுக்குங்கள். ஸ்பெயாரின் எண்ணையும் வயதையும் அன்றைக்கே பாருங்கள். வண்டிக்கு அடியில் தொங்குவதால் யாரும் குனிவதில்லை, நாலு புது 112க்கு நடுவே 2009ஆம் ஆண்டு 104 ஒன்று, காற்றே இல்லாமல், சங்கிலி துருப்பிடித்து இறக்கவும் முடியாமல் தொங்கியதை வெல்லாவெளி ரோட்டில் இருட்டில் நின்று பார்த்திருக்கிறேன்.